மன்னிப்பும் வேண்டுகோளும்: ஜப்பானிய, சீன மொழிகளில் எதை எங்கே சொல்வது?

ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கும் நண்பர் கேட்ட கேள்வி இது. ஜப்பானியத் தலைமை அலுவலகத்துக்கும் ஷென்சென் நகரச் சப்ளையர்களுக்கும் நடுவில் நின்று நாள் முழுக்கப் பேச வேண்டிய வேலை அவருக்கு. இரண்டு மொழிகளிலும் அடிப்படை வகுப்பை முடித்துவிட்டார். ஆனாலும் மூன்று சந்தேகங்கள் தீரவில்லை. ஜப்பானியத்தில் ‘சுமிமாசென்’, ‘கொமென் நசாய்’, ‘மோஷிவகே அரிமாசென்’ என்று மன்னிப்புக்கு இத்தனை சொற்கள் எதற்கு? சீனர்களிடம் சின்ன விஷயத்துக்கு ‘துய்புச்சி’ சொன்னால் ஏன் சங்கடப்படுகிறார்கள்? மேலதிகாரியிடமோ சப்ளையரிடமோ ஒன்றைக் கேட்கும்போது, உத்தரவு போடுவதுபோல் ஒலிக்காமல் கேட்பது எப்படி?

மூன்றுக்கும் சேர்த்து முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘சாரி’ என்றால் இது, ‘ப்ளீஸ்’ என்றால் இது என்று ஆங்கிலத்தை நடுவில் வைத்துப் படித்ததுதான் இந்தச் சிக்கலின் வேர். நமக்குக் கிடைக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கில வழியில்தான் இருக்கின்றன. அது யாருடைய தவறும் இல்லை. ஆனால் தமிழ் தெரிந்தவர் ஜப்பானியத்துக்குள் நுழைய ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதே இல்லை. வாக்கிய அமைப்பு அவ்வளவு ஒத்துப்போகிறது. சீன இலக்கணம் தமிழிலிருந்து வெகு தூரம். ஆனால் யாரிடம் எவ்வளவு உபசாரம் பேசலாம் என்ற கணக்கு அங்கேயும் நமக்குப் புரியக்கூடியதுதான்.

இரண்டு மொழிகளின் ஒலிகளையும் தமிழ் எழுத்தில் முடிந்தவரை எழுதியிருக்கிறேன். சீனத்தின் ஏற்ற இறக்க ஒலிகளைத் தமிழ் எழுத்தில் பிடிக்க முடியாது. காதால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

முதலில் ‘சுமிமாசென்’. டோக்கியோவில் ஒரு நாள் வெளியே போய்வந்தால் இந்தச் சொல்லை நூறு இடங்களில் கேட்கலாம். சாப்பாட்டுக் கடையில் பணியாளரைக் கூப்பிட ‘சுமிமாசென்’. தெருவில் வழி கேட்கும் முன் ‘சுமிமாசென்’. ரயிலில் தோள் இடித்தால் ‘சுமிமாசென்’. லிஃப்ட் கதவைப் பிடித்து நிறுத்தி உங்களுக்காகக் காத்திருந்தவரிடமும், நீங்கள் தவறவிட்ட கையுறையை ஓடிவந்து கொடுத்தவரிடமும் அதே ‘சுமிமாசென்’தான். கடைசி இரண்டும் நம் கணக்கில் நன்றி சொல்லும் இடங்கள். அங்கே ஏன் மன்னிப்பு? ‘தீர்கிறது, முடிகிறது’ என்ற வினையின் எதிர்மறை வடிவம் அது. எனக்காக நீங்கள் பட்ட சிரமத்துக்கு ஈடு செய்து முடிக்கவில்லை என்ற உணர்வு அதில் இருக்கிறது. நன்றியும் மன்னிப்பும் வழிகேட்பதும் எல்லாம் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன: என்னால் உங்களுக்கு ஒரு சிறு தொந்தரவு, அதை நான் கவனித்திருக்கிறேன். இதைப் பிடித்துக்கொண்டால் போதும், பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

‘கொமென் நசாய்’ வேறு வகை. அது வீட்டுச் சொல். குழந்தை அம்மாவிடம் சொல்லும், கணவன் மனைவியிடம் சொல்வான், தோழி தோழியிடம் ‘கொமென் நே’ என்று சுருக்கிச் சொல்வாள். ‘என்னை மன்னித்துவிடு’ என்று நேராகக் கேட்கும் சொல் அது. அப்படிக் கேட்கும் உரிமை நெருக்கமானவர்களிடம்தான் உண்டு. அதையே அலுவலகத்தில் பிரிவுத் தலைவரிடம் சொன்னால், தப்புச் செய்த பிள்ளை தலை குனிந்து நிற்பதுபோல் ஒலிக்கும். கோபப்பட மாட்டார்கள். ஆனால் இவரிடம் பொறுப்பான வேலையைக் கொடுக்கலாமா என்று யோசிப்பார்கள்.

அலுவலகத்தில் பாதுகாப்பான சொல் ‘மோஷிவகே அரிமாசென்’. ‘சொல்லிக்கொள்ளச் சாக்கு எதுவும் இல்லை’ என்பது அதன் பொருள். வாடிக்கையாளரிடம் இன்னும் ஒரு படி மேலே போய் ‘மோஷிவகே கொசாய்மாசென்’. கூட்டத்துக்கு 2 நிமிடம் தாமதமாக வந்தால் மேலதிகாரியிடம்கூட ‘சுமிமாசென்’ போதும். குறைபாடுள்ள உதிரிபாகம் வாடிக்கையாளரின் அசெம்பிளி லைன்வரை போய்விட்டது என்றால் ‘சுமிமாசென்’ போதவே போதாது. அங்கே அதைச் சொன்னால், விஷயத்தின் கனம் இவருக்குப் புரியவில்லை என்று பொருள்படும்.

இனி நான் மிகவும் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். பாடநூல்கள் இதை ஒரு பக்கத்தில் முடித்துவிடுகின்றன. ஜப்பானியத்தில் மன்னிப்பின் எடை ‘சாரி’க்கு இணையான சொல்லில் இல்லை, வினைமுற்றில் இருக்கிறது. விருந்துக்குப் போன வீட்டில் கை தவறிக் கண்ணாடிக் குவளை விழுந்துவிட்டது என்று வையுங்கள். ‘கொப்பு கா வரேமாஷ்தா’ என்றால் ‘குவளை உடைந்தது’. ‘கொப்பு ஓ வத்தே ஷிமாய்மாஷ்தா’ என்றால் ‘குவளையை உடைத்துவிட்டேன்’. ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க ஆசிரியர்கள் தலையால் தண்ணீர் குடிப்பார்கள். தமிழருக்கு ஒரு நொடி போதும். உடை, உடைந்தது, உடைத்தேன்: நம்மிடம் அதே தன்வினை, பிறவினை ஜோடி இருக்கிறது. ‘உடைத்தேன்’ என்பதற்கும் ‘உடைத்துவிட்டேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடும் நமக்குத் தெரியும். ‘விட்டேன்’ என்பதில் ‘இப்படி ஆகிவிட்டதே’ என்ற வருத்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜப்பானிய ‘தே ஷிமாவு’ பல இடங்களில் இந்த ‘விடு’வின் வேலையையே செய்கிறது.

இதில் நெறி என்னவென்றால், உங்கள் கையால் நடந்ததை ‘உடைந்தது’ என்று சொல்லக் கூடாது. தானாக விழுந்து உடைந்ததுபோல் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் ‘உடைத்துவிட்டேன்’ என்று தன்மேல் ஏற்றுக்கொண்டு பேசுவதுதான் அங்கே பண்பு. இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்பவர் ‘சுமிமாசென்’ சொன்னாலும் மதிப்பார்கள். இதைத் தவறவிட்டவர் எவ்வளவு பணிவான மன்னிப்புச் சொல்லை அடுக்கினாலும் ஏதோ குறைகிறது என்றே தோன்றும்.

அடுத்து வரிசை. நமக்கு ஒரு பழக்கம் உண்டு: தாமதமானால் முதலில் காரணம், பிறகு மன்னிப்பு. ‘மழை, போக்குவரத்து நெரிசல், அதனால் லேட்டாகிவிட்டது, மன்னிக்கவும்.’ ஜப்பானியத்தில் இதைத் திருப்பிப் போடுங்கள். மன்னிப்பு முதலில். காரணம் அவர்கள் கேட்டால், அல்லது மிகச் சுருக்கமாக. முன்னால் வந்து நிற்கும் காரணத்துக்கு அங்கே ‘ஈவகே’ என்று பெயர். சாக்குப்போக்கு என்று பொருள், நல்ல பெயர் இல்லை. தொழிற்சாலை விவகாரங்களில் மட்டும் காரணம் கட்டாயம் வேண்டும். ஆனால் அது எழுத்தில், அதற்குரிய தலைப்பின்கீழ் வர வேண்டும்: ‘கெனின்’ என்றால் காரணம், ‘தைசாகு’ என்றால் எடுத்த நடவடிக்கை, ‘சைஹாட்சு போஷி’ என்றால் மறுபடி நேராமல் தடுக்கும் வழி. இந்த மூன்று சொற்களையும் ஒரகடத்தில் இருப்பவர் ஏற்கெனவே கேட்டிருப்பார். மன்னிப்பு என்பது அங்கே ஒரு வேலையின் தொடக்கம். ‘சைஹாட்சு போஷி’ எழுதப்படாத மன்னிப்பு பாதியில் நின்றுபோன மன்னிப்பு.

குனிவதற்கும் அளவு உண்டு. நிறுவனங்களில் புதிதாகச் சேருபவர்களுக்கு 15 பாகை, 30 பாகை, 45 பாகை என்று பயிற்சி கொடுக்கிறார்கள். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் முதலாவது, வாடிக்கையாளரை வரவேற்க இரண்டாவது, ஆழ்ந்த மன்னிப்புக்கு மூன்றாவது. வெளிநாட்டவர் இதை அளந்து செய்ய வேண்டியதில்லை. நடந்துகொண்டே தலையை ஆட்டாமல், நின்று, பேசி முடித்து, பிறகு குனிந்தால் போதும்.

2017 நவம்பரில் உலகமெங்கும் ஒரு செய்தி பரவியது. டோக்கியோவின் அகிஹபாராவையும் ட்சுகுபாவையும் இணைக்கும் ட்சுகுபா எக்ஸ்பிரஸ் தடத்தில், மினாமி நகரேயாமா நிலையத்திலிருந்து ஒரு ரயில் குறித்த நேரத்துக்கு 20 விநாடி முன்னதாகப் புறப்பட்டுவிட்டது. நிறுவனம் முறையாக மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டே வேறொரு ரயில் நிறுவனம் 25 விநாடிக்கு மன்னிப்புக் கேட்டது. ‘அடேயப்பா, எவ்வளவு கடமையுணர்வு’ என்று நம் ஊரிலும் பகிர்ந்தார்கள். வியப்பதில் தவறில்லை. ஆனால் இதைக் குற்ற ஒப்புதலாகப் படிக்கக் கூடாது. ஜப்பானில் மன்னிப்பு என்பது பெரும்பாலும் உறவைப் பழுது பார்க்கும் செயல். யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லும் செயல் வேறு. அதனால்தான் தவறு நடக்கும் முன்பே மன்னிப்பு வந்துவிடுகிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் தலைக்கவசம் அணிந்த தொழிலாளி குனிந்து நிற்பதுபோல் படம் போட்டு, உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறோம் என்று பலகை வைத்திருப்பார்கள். வேலை தொடங்கும் முன்பே அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் துவாலை போன்ற சிறு பொருளோடு போய்ச் சொல்லிவிட்டு வருவதும் வழக்கம். ஒரு வீட்டுக்குள் நுழையும்போது ‘ஒஜாமா ஷிமாஸ்’, அதாவது இடைஞ்சலாக வருகிறேன் என்பார்கள். அழைத்ததே வீட்டுக்காரர்தான். மற்றவர்களுக்கு முன்னால் அலுவலகத்தைவிட்டுக் கிளம்பும்போது ‘ஒசாகி நி ஷிட்சுரே ஷிமாஸ்’: உங்களுக்கு முன்னால் போகிறேன், மரியாதைக் குறைவு என்று. இருப்பவர்கள் ‘ஒட்சுகரேசமா தேஷ்தா’ என்று பதில் சொல்வார்கள், உழைத்துக் களைத்தீர்கள் என்ற பொருளில். இந்த இரண்டை மட்டும் நாள்தோறும் தவறாமல் சொல்லுங்கள். இலக்கணப் பிழைகள் பல மன்னிக்கப்படும்.

இப்போது சீனம். இங்கே நிலைமை கிட்டத்தட்ட எதிர்.

‘துய்புச்சி’ என்பதில் ‘உங்கள் முகத்தை நேராகப் பார்க்க முடியாத நிலையில் இருக்கிறேன்’ என்ற கருத்து இருக்கிறது. கனமான சொல். ஒருவர் காலை மிதித்துவிட்டால் சொல்லலாம், வாக்குத் தவறினால் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு மின்னஞ்சலுக்கு அரை மணி நேரம் தாமதமாகப் பதில் எழுதியதற்கு ‘துய்புச்சி’ போட்டால் எதிரில் இருப்பவர் திகைப்பார். ‘அப்படி என்ன நடந்துவிட்டது?’ என்று அவருக்குத் தோன்றும். நண்பரின் சப்ளையர்கள் சங்கடப்படுவது இதனால்தான். அந்த இடத்துக்குரிய சொல் ‘பு ஹாவ் யீஸ’. கூச்சமாக இருக்கிறது, சங்கடமாக இருக்கிறது என்ற அளவில் நிற்கும் சொல். தாமதம், இடையில் பேசுவது, கூட்டத்தில் நகர்ந்து போவது, ஒருவர் உங்களுக்காகப் பணம் கொடுத்துவிட்டது, எல்லாவற்றுக்கும் பொருந்தும். தைவானில் இதன் புழக்கம் இன்னும் அதிகம். தைபேயில் ஒரு நாள் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் ஜப்பானியர்களின் ‘சுமிமாசென்’ நினைவுக்கு வரும். மூன்றாவது சொல் ‘பாவ்ச்சியென்’. எழுத்திலும் அறிவிப்புகளிலும் வருவது. சப்ளையருக்கு முறையாக எழுத வேண்டியிருந்தால் ‘ஃபெய்ச்சாங் பாவ்ச்சியென்’, மிகவும் வருந்துகிறோம், என்று எழுதலாம். அது பணிவாகவும் இருக்கும், காலில் விழுவதுபோலவும் இருக்காது.

பதிலும் தெரிந்திருக்க வேண்டும். ‘மெய் குவான்ஷி’, பரவாயில்லை. ‘மெய் ஷ’, ஒன்றுமில்லை. இரண்டாவதில் நெருக்கம் கூடுதல்.

நெருக்கம் என்றதும் சீனத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம். ‘ஜியென் வாய்’ என்று ஒரு சொல் இருக்கிறது. தன்னைத்தானே அயலாராக்கிக்கொள்வது என்று விளக்கலாம். நண்பனிடம் அடிக்கடி நன்றியும் மன்னிப்பும் சொன்னால் ‘ஏன் இப்படி ஜியென் வாய்?’ என்று கேட்பான். கோபம் கொஞ்சம் நிஜமாகவே இருக்கும். உபசாரச் சொல் அங்கே ஒரு வேலி. வேலி தேவைப்படாத இடத்தில் அதைக் கட்டினால் மனம் நோகும். குடும்பத்துக்குள் இது இன்னும் தீவிரம். பெற்றோர் பிள்ளைகளிடம் ‘துய்புச்சி’ சொல்வது பல வீடுகளில் அரிது. சண்டைக்குப் பிறகு அறைக் கதவைத் தட்டி ‘சாப்பிட வா’ என்பதோடு விஷயம் முடிந்துவிடும். இதை நான் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் அப்பாக்களும் இதே மொழியில்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே சப்ளையர் “இவ்வளவு சம்பிரதாயம் வேண்டாம்” என்று சொன்னால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘நாம் இப்போது பழகியவர்கள்’ என்று அவர் ஒரு கதவைத் திறக்கிறார். அடுத்த முறை கொஞ்சம் இயல்பாகப் பேசுங்கள்.

இரண்டு மொழிகளும் சீன எழுத்துகளைப் பகிர்ந்துகொள்வதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு 1972 செப்டம்பரில் பெய்ஜிங்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜப்பானியப் பிரதமர் தனகா ககுயேய், இரு நாடுகளுக்கும் உறவை மீண்டும் ஏற்படுத்த அங்கே போயிருந்தார். 25ஆம் தேதி இரவு விருந்தில் பேசும்போது, கடந்த காலத்தில் தம் நாடு சீன மக்களுக்குப் பெரும் ‘மேய்வாகு’ கொடுத்தது பற்றி ஆழ்ந்து வருந்துவதாகச் சொன்னார். ஜப்பானியத்தில் ‘மேய்வாகு’ பரந்த சொல். இரைச்சல் போடும் பக்கத்து வீட்டுக்காரன் கொடுப்பதும் மேய்வாகு, பெரிய கேட்டுக்கும் அது வரும். மொழிபெயர்ப்பாளர் அதைச் சீனத்தில் ‘மாஃபான்’ என்று சொன்னார். மாஃபான் என்றால் சிரமம், தொல்லை. ஜப்பானுடனான போரில் ஒரு கோடிக்கும் அதிகமான மக்களை இழந்த நாட்டின் தலைவர்கள் அமர்ந்திருந்த மண்டபத்தில், ‘உங்களுக்கு நிறையத் தொல்லை கொடுத்துவிட்டோம்’ என்று போய்ச் சேர்ந்தது அந்த வாக்கியம். மறுநாள் பிரதமர் சூ என்லாய் நேரடியாகவே ஆட்சேபித்தார். தற்செயலாக ஒரு பெண்ணின் பாவாடையில் தண்ணீர் தெறித்துவிட்டால் சொல்லும் சொல் அது என்று சீனத் தரப்பில் சுட்டிக்காட்டினார்கள். 29ஆம் தேதி கையெழுத்தான கூட்டறிக்கையில் அந்தச் சொல் இல்லை. போரின் மூலம் சீன மக்களுக்குப் பெரும் சேதம் விளைவித்த பொறுப்பை ஜப்பான் ஆழமாக உணர்ந்து வருந்துகிறது என்று எழுதப்பட்டது.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதைப் பேச்சுவார்த்தையின் கருவியாகப் பயன்படுத்திய எதிர் உதாரணமும் உண்டு. 2001 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் தென்சீனக் கடலின் மேல் மோதிக்கொண்டன. சீன விமானி இறந்தார், அமெரிக்க விமானம் ஹைனான் தீவில் இறங்கியது, அதிலிருந்த 24 பேரும் தடுத்து வைக்கப்பட்டார்கள். அமெரிக்கா முறையாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சீனா வற்புறுத்தியது. ‘தாவ்ச்சியென்’ என்றால் தவறை ஒப்புக்கொண்டு கேட்கும் மன்னிப்பு. அமெரிக்கா அதைத் தரத் தயாராக இல்லை. கடைசியில் ‘மிகவும் வருந்துகிறோம்’ என்று ஆங்கிலத்தில் கடிதம் கொடுத்தது. சீன ஊடகங்கள் அதை ‘ஷென் பியாவ் ச்சியென்யீ’, ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கப்பட்டது, என்று வெளியிட்டன. வாஷிங்டனில் அது மன்னிப்பு ஆகவில்லை, பெய்ஜிங்கில் ஏறக்குறைய ஆகிவிட்டது. 24 பேரும் ஊர் திரும்பினார்கள். ஓர் ஒப்பந்தத் தகராறில் நீங்கள் மொழிபெயர்க்க நேர்ந்தால், ‘ச்சியென்யீ’க்கும் ‘தாவ்ச்சியென்’னுக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியை மறக்காதீர்கள். உங்கள் நிறுவனம் பொறுப்பேற்க முடிவு செய்யும் முன் ‘தாவ்ச்சியென்’ என்று நீங்களாக எழுதிவிடக் கூடாது.

வேண்டுகோளுக்கு வருகிறேன். ஜப்பானியத்தில் ‘குதசாய்’ என்றால் ‘ப்ளீஸ்’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது பாதி உண்மைதான். ‘குதசாய்’ என்பது ‘தருதல்’ என்ற பொருளுள்ள மரியாதை வினையின் ஏவல் வடிவம். அதாவது ‘தாருங்கள்’. ‘காஇதே குதசாய்’ என்பதை ‘எழுதித் தாருங்கள்’ என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கலாம். ‘காஇதே’ எழுதி, ‘குதசாய்’ தாருங்கள். வினையெச்சம், அதன் பின்னே தா. ‘மிதே குதசாய்’ பார்த்துத் தாருங்கள். இன்னும் ‘தபேதே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது, ‘ஷிதே ஒகு’ என்றால் செய்து வைப்பது. இந்த ஒற்றுமை எனக்கு இன்றும் அலுக்காத மகிழ்ச்சி.

மரியாதை இருந்தாலும் ‘எழுதித் தாருங்கள்’ ஏவல்தானே? கேட்பவருக்கு நன்மை தரும் செயல்களில் அது சரி. உட்காருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள், பார்த்துப் போங்கள். கடையில் ‘கொரே ஓ குதசாய்’, இதைக் கொடுங்கள் என்று கேட்பதும் சரி. ஆனால் மேலதிகாரியிடம் ‘இந்த விலைப்புள்ளியைப் பார்த்துத் தாருங்கள்’ என்று உங்கள் வேலைக்காகக் கேட்கும்போது ‘மிதே குதசாய்’ என்றால் நீங்கள் அவருக்கு வேலை ஒதுக்குகிறீர்கள். அங்கே வினை மாறுகிறது. தருதல் போய்ப் பெறுதல் வருகிறது. ‘மிதே இதாதகேமாசென் கா’: நீங்கள் பார்ப்பதை நான் பெற்றுக்கொள்ள இயலாதா? தருகிறவரிடம் கையை நீட்டாமல், பெறுகிறவன் தன் தரப்பிலிருந்து தயங்கிக் கேட்பது. எதிர்மறைக் கேள்வியானதால் ‘இயலாது’ என்று சொல்ல அவருக்கு வழி விடப்பட்டிருக்கிறது. இன்னும் தாழ்ந்து கேட்க ‘இதாதகேனாய் தெஷோ கா’. தோழர்களிடம் இவ்வளவு வேண்டாம், ‘மிதே குரேனாய்?’ போதும்.

வேண்டுகோளுக்கு முன்னால் ஒரு மெத்தை விரிப்பார்கள். அதற்கு ஜப்பானியரே வைத்திருக்கும் பெயர் ‘குஷ்ஷொன் கொதொபா’, மெத்தைச் சொல். ‘சுமிமாசென் கா’, மன்னிக்கவும், ஆனால். ‘ஒதெசூ தெஸ் கா’, உங்கள் கைக்கு வேலைதான், ஆனால். ‘ஒசோரேயிரிமாஸ் கா’, சொல்லவே தயக்கமாக இருக்கிறது, ஆனால். இங்கேதான் மன்னிப்பும் வேண்டுகோளும் ஒன்றாகிவிடுகின்றன. மன்னிப்பில்லாமல் தொடங்கும் வேண்டுகோள் ஜப்பானியத்தில் மொட்டையாக நிற்கும்.

மறைமுகமாகக் கேட்பதில் அவர்களுக்கு நிகர் இல்லை. கடைகளின் கழிவறையில் ‘எப்போதும் தூய்மையாகப் பயன்படுத்துவதற்கு நன்றி’ என்று ஒட்டியிருக்கும். அது வேண்டுகோள்; நன்றியை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள், நீங்கள் அதற்குத் தகுதியாக நடந்துகொள்ள வேண்டும். ‘கொ-என்ரியோ குதசாய்’ என்ற பலகையைப் பார்த்தால் ‘தயக்கம் காட்டுங்கள்’ என்று அகராதி சொல்லும். பொருள்: செய்யாதீர்கள். மறுப்பதிலும் அப்படித்தான். ‘ச்சொட்டோ…’ என்று இழுத்து நிறுத்தினால், ‘கொஞ்சம்…’ என்ற அந்த இழுப்பே மறுப்பு. ‘முசுகஷீ தெஸ் நே’, கடினமாக இருக்கிறதே, என்றால் நடக்காது. மறுபடி வற்புறுத்தினால் அவர்களை வெளிப்படையாக மறுக்க வைக்கிறீர்கள். அது இருவருக்கும் அசௌகரியம்.

சீனத்தில் ‘ப்ளீஸ்’ இருக்கும் நாற்காலியில் ‘ச்சிங்’ உட்காருவதில்லை. ‘ச்சிங் ட்சுவோ’ அமருங்கள், ‘ச்சிங் வென்’ ஒன்று கேட்கலாமா, ‘ச்சிங் ஷாவ் தெங்’ சற்றுப் பொறுங்கள்; விருந்தினரை உபசரிக்கவும் அறிவிப்பு எழுதவும் சரி. ஒருவருக்கு விருந்து வைப்பதும் ‘ச்சிங்’தான். ஆனால் சக ஊழியரிடம் ‘ச்சிங் அந்தக் கோப்பை அனுப்பு’ என்றால் அலுவலகச் சுற்றறிக்கை பேசுவதுபோல் இருக்கும். பணிவுக்காகச் சேர்த்தது அதிகாரமாகக் கேட்கிறது.

நாள்தோறும் உதவும் சொல் ‘மாஃபான்’. 1972இல் அவ்வளவு சிறியதாய்த் தெரிந்த அதே சொல் சின்ன விஷயங்களில் தங்கம். ‘மாஃபான் நீ’, உங்களுக்குச் சிரமம் தருகிறேன். உணவகத்தில் ‘மாஃபான் நீ, மாய்தான்’ என்றால் பில் வந்துவிடும். டாக்ஸியில் ஓட்டுநரை ‘ஷிஃபு’ என்று அழைத்து, முன்னால் கொஞ்சம் நிறுத்துங்கள் என்பதற்கு ‘மாஃபான் நின் ட்சாய் ச்சியென்மியென் திங் யீஷியா’ என்று சொல்லலாம். ‘நின்’ என்பது ‘நீ’யின் மரியாதை வடிவம், நம் ‘நீங்கள்’. கடைசியில் வரும் ‘யீஷியா’வைக் கவனியுங்கள். ‘ஒரு முறை, சற்றே’ என்று வினையைச் சுருக்கிக் காட்டும் வால் அது. ‘கான்’ என்றால் பார். ‘கான் யீஷியா’ என்றால் கொஞ்சம் பாருங்களேன். இதனுடன் ‘பாங் வோ’, எனக்காக, என்பதையும் ‘நெங் பு நெங்’, முடியுமா முடியாதா, என்பதையும் சேர்த்துவிட்டால் எந்த வேண்டுகோளும் மென்மையாகிவிடும். நம் காதுக்கு ‘முடியுமா முடியாதா’ மிரட்டல். அங்கே அது சாதாரணக் கேள்வி வடிவம், பயப்பட வேண்டாம். ‘பாய்துவோ’ என்பது கெஞ்சல், அதைப் பெரிய தேவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஷென்சென் குவாங்தோங் மாகாணத்தில், ஹாங்காங் எல்லையில் இருப்பதால் கேன்டனீஸ் பேசுபவர்களையும் சந்திப்பீர்கள். அவர்களிடம் ‘ம்கோய்’ என்ற ஒரே சொல் வழிவிடச் சொல்லவும் பணியாளரைக் கூப்பிடவும் சிறு உதவிக்கு நன்றி சொல்லவும் போதும். பரிசு வாங்கினால் மட்டும் ‘தோஜே’.

சீனர்கள் பயன்படுத்தும் செய்திச் செயலியான வீசாட்டில் ஒரு பொறி இருக்கிறது. ‘ட்சாய் மா’, இருக்கிறீர்களா, என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். என்ன கேட்கப்போகிறாரோ என்று எதிரில் இருப்பவர் பதில் போடத் தயங்குவார். பலர் இதை வெறுக்கிறார்கள். ஒரே செய்தியில் வணக்கம், காரணம், வேண்டுகோள் மூன்றையும் வையுங்கள். மன்னிப்பு கேட்கும்போது ஜப்பானியருக்குக் காரணம் கடைசியில் என்றேன். சீனத்தில் வேண்டுகோளுக்குக் காரணம் முதலில் வர வேண்டும். பின்னணியைச் சொல்லிவிட்டால் கேட்பவரே பாதி வழி வந்துவிடுவார்.

நண்பரின் வழக்கமான தேவை டெலிவரி தேதியை முன்னுக்குக் கொண்டுவருவதுதான். சீனச் சப்ளையருக்கு, அவர் குடும்பப் பெயரோடு ‘ஜிங்லி’, மேலாளர், என்று சேர்த்து அழைத்து ‘நின் ஹாவ்’ போடுங்கள். அடுத்த வரியில் வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார் என்பதைச் சொல்லுங்கள். பிறகு ‘மாஃபான் நின் பாங் வோ கான் யீஷியா, ஜியாவ்ச்சி நெங் பு நெங் திச்சியென்’: டெலிவரி தேதியை முன்னால் கொண்டுவர முடியுமா என்று எனக்காகக் கொஞ்சம் பாருங்கள். கடைசியில் ‘ஷின்கு ல’, சிரமப்பட்டீர்கள், என்று முடியுங்கள். பதிலில் ‘வோ ஜின்லியாங்’, முடிந்தவரை பார்க்கிறேன், என்று வந்தால் தேதி இன்னும் உறுதியாகவில்லை. இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் கேளுங்கள்.

ஜப்பானிய அலுவலகத்துக்கு அதே விஷயம் வேறு உடையில் போக வேண்டும். ‘ஒசேவா நி நத்தே ஒரிமாஸ்’ என்ற வழக்கமான முதல் வரி, உங்கள் ஆதரவில் இருக்கிறோம் என்று. ‘ஒஇசோகாஷீ தொகொரோ ஒசோரேயிரிமாஸ் கா’, வேலை மும்முரத்தில் இதைக் கேட்கத் தயக்கம்தான். பிறகு ‘நோகி’, டெலிவரி தேதி, பற்றிய செய்தி. அதைச் சரிபார்க்க ‘கொ-கக்குனின் இதாதகேனாய் தெஷோ கா’. முடிவில் ‘யொரோஷிகு ஒனேகாய் இதாஷிமாஸ்’. தாமதம் உங்கள் பக்கத்துத் தவறால் என்றால், முதல் வரிக்கு அடுத்ததாகவே ‘மோஷிவகே கொசாய்மாசென்’ வந்துவிட வேண்டும், புதிய தேதியும் அதே பத்தியில் இருக்க வேண்டும். தேதி இல்லாமல் மன்னிப்பை மட்டும் அனுப்பினால் மாலைக்குள் தொலைபேசி வரும்.